பாரிஸில் பை முன்னால், நாம் பின்னால்

திங்கள்

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் எப்படிப் போவது என்பதில்தான் முதல் பேச்சே வந்தது. ஆர்.இ.ஆர். பி என்கிற ரயிலில் 2025-ல் ஆளுக்கு 13 யூரோ, மூன்று பேருக்கு 39. டாக்ஸிக்கு அரசே கட்டணம் வைத்திருக்கிறது: அப்போது சேன் நதியின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65. எங்கள் விடுதி வலக்கரையில், கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். என் வீட்டுக்காரர் வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். "17 யூரோதான் வித்தியாசம். ரயில்ல பெட்டியைப் பிடிக்கிறதா, பையைப் பிடிக்கிறதா, அம்மாவைப் பிடிக்கிறதா? டாக்ஸியிலயே போயிடலாம்" என்றார். நானும் அவருடைய அம்மாவும், அதாவது என் அத்தையும், சரி என்றோம்.

அந்த ரயில் பாதைக்கு பிக்பாக்கெட் விஷயத்தில் நல்ல பேர் கிடையாது. இரவெல்லாம் தூங்காத கண், இரண்டு கையிலும் பெட்டி, மடியில் புதிதாக மாற்றிய நோட்டு. திருடுகிறவனுக்கு இதைவிடத் தோதான ஆள் எங்கே கிடைப்பார்? அதிலும் கார் து நோர் நிலையத்தில் எல்லோரும் பெட்டியும் கையுமாக ஒரே நேரத்தில் இறங்குவார்கள்.

டாக்ஸி எடுப்பவர்களுக்கு ஒன்று. வருகைக் கூடத்துக்குள்ளேயே "டாக்ஸி, டாக்ஸி" என்று காதோரம் கேட்டுக்கொண்டு நடக்கிறவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். வெளியே முறையான வரிசை இருக்கிறது. வண்டியின் கூரையில் பச்சை விளக்கு எரிந்தால் காலி, சிவப்பு எரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

குளித்துச் சாப்பிட்டபின் யாரிடம் எது இருப்பது என்று பிரித்தோம். நகையெல்லாம் திருச்சியில் லாக்கரில். கிளம்பும் முன்பே தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டேன். அத்தைதான் "கயிறு இருந்தா போதும், கொடி எதுக்கு அவ்வளவு தூரம்" என்று முதலில் சொன்னவர். வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபோரெக்ஸ் கார்டு இரண்டு, ஒன்று வீட்டுக்காரரிடம், ஒன்று என்னிடம். அன்றன்றைய செலவுக்கான யூரோ அத்தையின் சுருக்குப்பையில். அதை இடுப்பில் செருகி, மேலே புடவை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் கோட். எந்தக் கை அங்கே போய்ச் சேரும்?

இந்திய சிம் போட்ட பழைய ஃபோனை அறையிலேயே பூட்டி வைத்துவிட்டோம். இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். வெளியே எடுத்துப்போய் அது பறிபோனால், கார்டு பத்திரமாகக் கையில் இருந்தாலும் பல இடங்களில் பணம் கட்ட முடியாது. ஊர் சுற்ற வேறு ஃபோனும் இங்கத்திய சிம்மும். *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. என்கிற ஃபோனின் அடையாள எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. கோட் பைகளில் டிஷ்யூவும் கையுறையும் மட்டும். என் தோள்பையின் ஜிப்பில் ஓர் ஊக்கு. புடவை கட்டுகிறவளிடம் ஊக்குக்கா பஞ்சம்!

வீட்டுக்காரர் இணையத்தில் வாங்கிய திருட்டுத் தடுப்புப் பையும் வந்திருக்கிறது. வாரில் எஃகுக் கம்பி, ஜிப்புக்குப் பூட்டு. பை நல்ல பைதான். ஆனால் டிக்கெட் எடுக்க நின்று இரண்டு நிமிடம் பூட்டைத் திறந்தால், எது எங்கே இருக்கிறது என்று சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். சட்டைக்குள் கட்டும் பண பெல்ட்டும் அப்படித்தான். நடுத்தெருவில் சட்டையைத் தூக்கி எடுப்பதென்றால் அதைக் கட்டியே இருக்க வேண்டாம்.

செவ்வாய்

லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. அதனால் லாச்சப்பல் போனோம், விடுதியிலிருந்து நடக்கிற தூரம்தான். தெருவுக்குள் நுழைந்ததும் தமிழ்ப் பெயர்ப்பலகை, வாழையிலைக் கட்டு, முருங்கைக்காய், நகைக்கடை, புடவைக்கடை. ஈழத்திலிருந்து வந்தவர்கள் உருவாக்கிய இடம். ரூ பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம், 1985-ல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசி வாக்கில் தேர் வீதிவலம் வரும், தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். அத்தை பிரகாரத்தைச் சுற்றி வந்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே மனசில்லாமல் இருந்தார்.

பலசரக்குக் கடையில் மோர் மிளகாய் கேட்டபோது, கல்லாவில் இருந்தவர் என் பையைப் பார்த்தார். முதுகுப் பக்கம் நகர்ந்திருந்தது.

"அக்கா, பையை முன்னுக்குப் போடுங்கோ. எங்க இருந்து வாறியள்?"

"திருச்சி."

"ஃபோனைக் கையில வச்சுக்கொண்டு மெட்ரோக் கதவுக்குப் பக்கத்தில நிக்காதேங்கோ. கதவு மூடேக்கதான் பறிப்பாங்கள். நீங்கள் உள்ளுக்கு, அவன் வெளியில. என்ன செய்வியள்?"

தமிழர், இந்தியர், சீனர் என்றால் கழுத்தில் தங்கமும் பையில் ரொக்கமும் இருக்கும் என்று ஓர் எண்ணம் இங்கே இருக்கிறதாம். "கலியாண வீட்டுக்குப் போறதெண்டா எங்கட பொம்பிளையள் நகையைப் பைக்குள்ள வச்சுக்கொண்டு போய், மண்டபத்திலதான் போடுவினம்" என்றார். ஊருக்குள் வாழ்கிறவர்களே இப்படி என்றால் நாம் எம்மாத்திரம். அத்தை அவரிடம் ரயில் டிக்கெட் விவரமெல்லாம் கேட்டுக்கொண்டார். பழைய காகித டிக்கெட் அப்போது ஒழிந்துகொண்டிருந்தது. 2 யூரோவுக்கு நவிகோ ஈஸி என்று ஓர் அட்டை வாங்கி அதில் பயணத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும், 2025-ல் ஒரு பயணம் 2.50. அன்றைக்கே கூட்டமில்லாத நேரம் பார்த்து, மூன்று பேருக்கும் பல பயணங்களைச் சேர்த்தே ஏற்றிக்கொண்டோம். இயந்திரத்துக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கார்டை எடுக்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. "நான் உதவி செய்கிறேன்" என்று பக்கத்தில் வந்து நிற்கிறவரும் அங்கேதான் இருப்பார்.

பக்கத்து பார்பேஸ் நிலைய வாசலில் "மார்ல்பரோ, மார்ல்பரோ" என்று கள்ள சிகரெட் விற்கிறவர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கடந்தோம்.

புதன்

இன்று பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லூவ்ருக்குப் போக மெட்ரோ 1-ஆம் பாதை. சுற்றுலாக்காரர்கள் பார்க்க நினைக்கிற இடங்களில் பாதி இந்த ஒரே பாதையில் வரும், அதனால் திருடுகிறவர்களுக்கும் இதுதான் பிடித்த பாதை. ஓட்டுநர் இல்லாத ரயில். நடைமேடையிலும் கண்ணாடிக் கதவு. பிக்பாக்கெட் ஜாக்கிரதை என்று ஒலிபெருக்கியில் பல மொழிகளில் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் பர்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுதான் மனித இயல்பு. எந்தப் பையில் பர்ஸ் என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்களும் அதையேதான் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பலே ருவாயல் நிலையம். மூன்று இளம்பெண்கள். நல்ல கோட், கழுத்தில் ஸ்கார்ஃப், ஒருத்தி கையில் நகர வரைபடம். கல்லூரி மாணவிகள் என்று யாரும் சொல்வார்கள். ரயில் வந்தது, கதவு திறந்தது, அவர்கள் ஏறவில்லை. மற்றவர்கள் ஏறும்வரை நின்றார்கள். முதுகில் பை மாட்டிய ஓர் இளைஞர் ஏறப் போனபோது அவருக்கு முன்னால் ஒருத்தி சட்டென்று நுழைந்து, வாசலிலேயே நின்றுவிட்டாள். இது சரியான ரயில்தானா என்று சந்தேகம் வந்ததுபோல வரைபடத்தைப் பார்க்கிறாள். அவருக்குப் பின்னால் மற்ற இருவர் நெருக்குகிறார்கள். அதில் ஒருத்தி தன் கோட்டைக் கழற்றி முன்கையில் போட்டிருந்தாள். அந்தக் கோட்டுக்கு அடியில்தான் கை.

பெட்டிக்குள் இடம் தாராளமாக இருந்தது. உட்காரக்கூட இடம் இருந்தது. நெருக்கடி அந்த வாசலில் மட்டும்தான்.

உள்ளே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், பார்த்தால் இந்த ஊர்க்காரர், எழுந்து நின்று "பிக்பாக்கெட்! பிக்பாக்கெட்!" என்று கத்தினார். கதவு மூடும் ஒலி கேட்கத் தொடங்கியிருந்தது. மூவரும் சாவகாசமாக இறங்கிக்கொண்டார்கள். ஓடவில்லை, முகத்தில் பதற்றமும் இல்லை. கதவு மூடியது. இளைஞருடைய பையின் ஜிப் பாதிவரை திறந்திருந்தது. பொருள் எதுவும் போகவில்லை. "முடிச்சவிக்கிக் கழுதைங்க, எவ்வளவு லட்சணமா இருக்குதுங்க பாரு" என்றார் அத்தை.

நான் அதன்பின் வழியெல்லாம் கவனித்துக்கொண்டே வந்தேன். கூட்டம் இல்லாவிட்டால் அவர்களே ஒரு கூட்டத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள். ரயில் வாசல், நகரும் படிக்கட்டு முடிகிற இடம், டிக்கெட் கேட். மூன்றிலும் ஒருவர் நின்றால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கேட்டில் இன்னொன்று: டிக்கெட் இல்லாதவர் நம் முதுகோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வருவது இங்கே சகஜம், அதனால் யாராவது உரசினாலும் அதுதான் என்று நினைத்துக்கொள்வோம். பையைப் பிடித்துக்கொள்வதைவிட, காரணமில்லாமல் நமக்கு முன்னால் ஒருவர் நின்றால் உடனே விலகிவிடுவதுதான் பலன் தரும் என்று தோன்றுகிறது. அடுத்த ரயில் சில நிமிடத்தில் வந்துவிடும். ஏறியதும் கதவோரத்து மடக்கு இருக்கையில் உட்காராமல் பெட்டியின் நடுவுக்குப் போய்விடுவது இன்னும் நல்லது.

லூவ்ரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நுழைவு 2025-ல் 22 யூரோ. திருட்டுக்கும் இந்த இடத்துக்கும் பழைய உறவு. 1911 ஆகஸ்ட் 21 அன்று வின்செஞ்சோ பெருஜியா என்பவர் மோனலிசாவை எடுத்துக்கொண்டு நடந்தே வெளியே போனார். பாரிஸில் தன் அறையில் டிரங்குப் பெட்டிக்குள் இரண்டு வருடத்துக்கும் மேல் வைத்திருந்தார். 2025 அக்டோபர் 19, ஞாயிறு காலை, லாரியில் பொருத்திய ஏணித் தூக்கியில் ஏறி அப்போலோ கூடத்து ஜன்னலை அறுத்து அரச நகைகளைக் கொண்டுபோனது உலகத்துக்கே தெரியும். எட்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் விஷயத்துக்குப் பொருத்தமானது 2013 ஏப்ரல் 10. பிக்பாக்கெட் தொல்லையும் மிரட்டலும் தாங்காமல் ஊழியர்கள் வேலைக்கு வர மறுக்க, அருங்காட்சியகமே அன்று மூடிக் கிடந்தது. அப்புறம்தான் போலீஸ் காவலைக் கூட்டினார்கள்.

மோனலிசா முன்னால் நின்ற கூட்டத்தில் அத்தனை பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஃபோனைப் பிடித்திருந்தார்கள். கீழே பைகளைப் பார்க்க ஆளில்லை. நாங்கள் முறை வைத்துக்கொண்டோம்: ஒருவர் ஓவியத்தைப் பார்க்கும்போது ஒருவர் பையைப் பார்ப்பது.

வியாழன்

மோன்மார்த் குன்று, சக்ரே கேர் தேவாலயம். படிக்கட்டுக்குக் கீழே வண்ண நூல் வைத்திருக்கும் ஆட்கள் நிற்பார்கள். சிரித்துப் பேசி, விரலில் நூலை மாட்டி, கண் மூடித் திறப்பதற்குள் பின்னி மணிக்கட்டில் கட்டிவிட்டு, பத்து யூரோ, இருபது யூரோ என்பார்கள். கட்டும்போது ஒரு கை அவர்கள் பிடியில் மாட்டியிருக்கும், அதுதான் ஆபத்து. இரண்டு கையையும் கோட் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்காமல் போங்கள் என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

அத்தையிடம் இதைச் சொல்லித்தான் கூட்டிப் போனேன். இருந்தாலும் ஒருவர் "மாமா ஆஃப்ரிக்கா" என்று (அம்மா என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) சிரித்துக்கொண்டே நூலோடு வந்ததும் அத்தை கையை நீட்டிவிட்டார். நான் இழுத்த இழுப்பில் அத்தைக்குக் கோபம். "கோயில் வாசல்ல காசிக் கயிறு மாதிரி கட்டுறான், வேண்டாங்கிறியே!" மேலே போகும்வரை என்னோடு பேசவில்லை. திரும்பும்போது இழுவை ரயிலில் இறங்கினோம், மெட்ரோ டிக்கெட்டே போதும்.

வேறு ஒன்றும் சொல்லும்படி நடக்கவில்லை. காபி இருபது நிமிடம் கழித்து வந்தது, ஆறியிருந்தது.

வெள்ளி

ஈபிள் கோபுரம். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. இருட்டியபின் கோபுரம் மின்னும்போது எல்லோரும் மேலே பார்ப்பார்கள் என்பதால் சாமானெல்லாம் இன்னும் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டோம். 2015 மே 22 அன்று இதே கோபுரமும் பிக்பாக்கெட் கும்பல்களின் அட்டகாசத்தால் ஊழியர்கள் வேலையை நிறுத்தி மூடப்பட்டது.

த்ரோகதேரோவிலிருந்து கோபுரத்துக்கு வரும் ஏனா பாலத்தில் மூன்று கிண்ண ஆட்டம். தரையில் சின்ன விரிப்பு, மூன்று கிண்ணம், ஒன்றின் கீழ் உருண்டை. சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். ஒரு பெண் 50 யூரோ வைத்து நூறாக வாங்கிக்கொண்டு துள்ளினாள். வீட்டுக்காரர் நின்றுவிட்டார். முப்பது வருடம் நோட்டு எண்ணிய கண், கிண்ணத்தை விட மாட்டேன் என்கிறது. "இப்ப நடுவுல இருக்கு, நான் சொல்றேன் பாரு" என்கிறார்.

"என்னங்க, கிண்ணத்தைப் பாக்காதீங்க. பாக்கிறவங்களைப் பாருங்க."

நான் சொன்னது அதற்குத்தான்: கிண்ணத்தைப் பார்க்காமல் நின்றவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். இருவர் பாலத்தின் இரண்டு முனைகளையும் பார்த்தபடி. போலீஸ் வந்தால் குரல் கொடுக்க. இன்னும் இருவர் வேடிக்கை பார்க்கிறவர்களின் இடுப்பைப் பார்த்தபடி. ஜெயித்த பெண் கொஞ்சம் நகர்ந்து போய், சற்று நேரத்தில் திரும்பி வந்து, முதல் முறை பார்ப்பவள்போல மறுபடி நின்றாள். சட்டப்படி இந்த ஆட்டமே குற்றம். விளையாடி இழப்பவரும் உண்டு, விளையாடாமல் நின்று இழப்பவரும் உண்டு. திடீரென்று எங்கோ விசில் கேட்டது. விரிப்பு மடங்கியது, ஆட்கள் கலைந்தார்கள். சைக்கிளில் போலீஸ் வந்தபோது அங்கே நாங்களும் இன்னும் சில வெளியூர்க்காரர்களும்தான் நின்றிருந்தோம்.

புல்வெளிப் பக்கம் அட்டையில் காகிதம் செருகிய சிறுமிகள். காது கேளாதோருக்காகக் கையெழுத்து என்று சைகை காட்டுவார்கள். கையெழுத்துப் போடக் குனிந்தால் அட்டை நம் பைக்கும் கண்ணுக்கும் நடுவில் வந்துவிடும். காபிக் கடை மேஜையிலும் இதே வேலை: ஃபோன் மேல் காகிதத்தை வைத்துக் கெஞ்சுவார்கள், காகிதத்தோடு ஃபோனும் போகும். தலையை அசைத்துவிட்டு நடந்தோம். அத்தை திரும்பித் திரும்பிப் பார்த்தார். "பதிமூணு வயசுகூட இருக்காது. யாரு பெத்த புள்ளையோ."

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மெட்ரோவில் சிறுமிகளைத் திருடவைத்து, தினமும் இவ்வளவு கொண்டுவா என்று அடித்து வசூலித்த ஒரு கும்பலின் தலைவனுக்கு 2013-ல் பாரிஸ் நீதிமன்றம் ஏழு ஆண்டு சிறை விதித்தது. பிடிபடுவது பிள்ளைகள், பணம் போவது வேறெங்கோ.

சனி

காலைச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேஜை குஜராத் தம்பதி முகம் வாடி உட்கார்ந்திருந்தார்கள். நேற்று மாலை மெட்ரோவில் அவருடைய பர்ஸ் போய்விட்டது. கார்டு, 300 யூரோ, பான் அட்டை. பாஸ்போர்ட் தப்பித்தது. வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "கார்டை முடக்கிட்டீங்களா?" இரவே முடக்கிவிட்டார்கள், ஆனால் அதற்குள் திருடியவர்கள் பின் எண் கேட்காத சின்னத் தொகைகளாக நாலு இடத்தில் தேய்த்திருந்தார்கள். தட்டினால் பணம் போகும் வசதிக்கு வரம்பை நம் வங்கிச் செயலியிலேயே குறைத்துக்கொள்ளலாம். நேற்று இரவே எங்களுடையதைக் குறைத்திருந்த வீட்டுக்காரர் அதை அவர்களுக்கும் காட்டிக்கொடுத்தார்.

போலீஸ் நிலையத்துக்கு இவரும் துணைக்குப் போனார். பாரிஸில் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், நடந்த இடத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்ததாம், ஆனால் மரியாதையாகவே பேசினார்கள். வெளிநாட்டவருக்குப் பல மொழிகளில் படிவம் இருக்கிறது. முத்திரை வைத்த நகலைக் கேட்டு வாங்காமல் வரக்கூடாது. காப்பீட்டுக்கு அதுதான் ஆதாரம், அதுவும் பல நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்குள் கொடுத்த புகாரைத்தான் ஏற்கும். பாஸ்போர்ட்டும் போயிருந்தால் இந்த நகலோடு இந்தியத் தூதரகம் போய் எமர்ஜென்சி சர்டிபிகேட் வாங்க வேண்டும். அது ஊர் திரும்ப மட்டும்தான். மிச்சப் பயணம் அதோடு சரி.

நல்லவேளை உண்மையான போலீஸ். சாதாரண உடையில் வந்து, அடையாள அட்டையை ஒரு கணம் காட்டி, "கள்ள நோட்டுச் சோதனை, பர்ஸைக் காட்டு" என்று கேட்கிறவர்களும் உண்டு. நிலையத்துக்கு வந்து காட்டுகிறேன் என்று சொன்னால் போதும், ஆள் இருக்க மாட்டார்.

ஞாயிறு

நோத்ர தாம். 2019 ஏப்ரலில் எரிந்து, 2024 டிசம்பரில் திறந்த தேவாலயம். உள்ளே கல் அத்தனை வெளுப்பு. வரிசை நீளமாக இருந்தாலும் நகர்ந்துகொண்டே இருந்தது.

திரும்பும்போது மெட்ரோவில் வீட்டுக்காரர் ஒரு பிரெஞ்சுப் பாட்டிக்குப் பக்கத்தில் நின்றார். பாட்டி இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் கைப்பையை மடிக்கு இழுத்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். இவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. அத்தை விடுவாரா? "நல்லா உத்துப் பாத்துட்டுத்தான் பிடிச்சுக்கிறா. கெட்டிக்காரி" என்று பாட்டியைப் பார்த்துச் சிரித்தார். பாட்டியும் சிரித்துவிட்டார். இந்த வாரம் முழுக்க நாங்களும் யார் யாரையோ அப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறோம். புதன்கிழமை பார்த்த மூன்று பெண்களிடம் சந்தேகப்படும்படி எதுவுமே இல்லை. சந்தேகப்பட்டு ஒதுங்கிய ஆட்களில் எத்தனை பேர் வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர்களோ.

நாளை கார் து நோரிலிருந்து பிரஸ்ஸல்ஸ், ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. பெரிய பெட்டிகளை ரயில் கதவோரத்துத் தட்டில்தான் வைக்க வேண்டும். கிளம்பும் முன் பயணிபோல ஏறி, அடுத்தவர் பெட்டியோடு இறங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்களாம். திருச்சியிலிருந்து கொண்டுவந்த சைக்கிள் செயின் பூட்டுக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. ரயில் நகரும்வரை வீட்டுக்காரர் தட்டுக்குப் பக்கத்தில் நிற்பார், நாங்கள் இருவரும் இடத்தைப் பிடித்துக்கொள்வோம். பிரஸ்ஸல்ஸ் மிடி நிலையத்துக்கும் அப்படியொன்றும் நல்ல பேர் இல்லை என்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.